ஏலக்கா போட்டு விரட்டின ஊர்

பாத்தியா தாயி, அந்தத் தம்பி டீ ஊத்துன லட்சணத்த? கப்பே கட்டவிரல் தண்டி, அதுலயும் பாதிதான். நீயும் வாயத் தொறக்காம வாங்கிக்கிட்ட. நான் பழைய ஞானப்பூவா இருந்தா அவன இந்த ரயில் பெட்டியத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். இப்ப கோவம் வரல, சிரிப்புதான் வருது. அரைக் கப்பு டீயால என் பொழப்பே தெச மாறிப் போச்சு. நெசமாத்தான் சொல்லுதேன்.

நீ சென்னை வரைக்குமா? நானும் அங்கதான். அங்கன இருந்து ஏரோப்ளேன் ஏறணும். கிர்கிஸ்தான்னு ஒரு நாடு, கேள்விப்பட்டிருக்கியா? நம்ம ஊருப் பிள்ளைங்க டாக்டருக்குப் படிக்கப் போகுதுல்லா, அதேதான். நாங்க இருக்கது பட்டணத்துல இல்ல, மலைக்குள்ள ஒரு கிராமம். குதிரை, ஆடு, பனி, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரவ, அதான் என் புருஷன், பேரு நவமணி. அங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்காவ, அதோட ஊழியமும் செய்தாவ. மிஷனெரின்னா நம்ம ஊருக்கு வெள்ளக்காரன் வந்தான்னுதான நீ படிச்சிருப்ப? எங்க ஊரு முதலூர், அங்க இருந்து நாங்க போனோம்னா சிரிக்காத. இந்தா, மஸ்கோத் அல்வா, ஒரு துண்டு எடுத்துக்கோ. அட எடு பிள்ள, என்ன கூச்சம்.

போன வருஷம் குளிர்காலத்துல இருந்து சொல்லுதேன். போன வருஷம்னா இப்ப இல்ல, நாங்க மொத மொத அங்க போன வருஷம். அந்த ஊருல புதுசா ஒரு குடும்பம் வந்தா எல்லாரும் வந்து பாக்கணும், அது அவங்க மரியாதை. வெறுங்கையோட வர மாட்டாவ. ரொட்டியோ, வெண்ணெயோ, ஏதாவது இருக்கும். வாசல்ல பூட்ஸக் கழத்திப் போட்டுட்டு, தரையில விரிச்ச மெத்தையில வந்து சம்மணம் போட்டு உக்காந்துருவாவ. எங்க வீட்டுக்காரவளுக்குச் சந்தோசம் தாங்கல. "ஞானம், கர்த்தர் வாசலத் தொறந்துட்டாரு. நீ டீய மட்டும் கவனி, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்"னாவ.

டீய நான் கவனிச்சேன் பாரு, அப்படிக் கவனிச்சேன்.

எங்க ஊருல கோயில் அசனம்னு ஒண்ணு நடக்கும். ஊருக்கே சோறு. இலையில பச்சை தெரிஞ்சா பரிமாறுனவனுக்கு மானம் போச்சு. அப்படி வளந்தவ நான். ஒருத்தருக்கு டீ குடுத்தா, தூக்கினா கையில சிந்தணும், அதான் டீ. அந்த ஊரு கப்புக்குப் பிடி கிடையாது, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். அது விளிம்பு முட்ட, தளும்பத் தளும்ப ஊத்தினேன். கொண்டு வச்சதும் வந்தவுக கிண்ணத்தப் பாப்பாவ. பொறவு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாவ. மடமடன்னு குடிப்பாவ. ரெண்டு கையாலயும் மூஞ்சியத் தடவி அவங்க முறைப்படி ஒரு ஜெபம். அந்தானைக்கு எந்திரிச்சுப் பூட்ஸ மாட்டிக்கிட்டுப் போயிருவாவ.

இவிய, எங்க வீட்டுக்காரவ, பைபிள்ல உலகம் உண்டான கதையில இருந்துதான் ஆரம்பிப்பாவ. வெளிச்சம் வரும், கடல் வரும், மீனு வருமுன்ன ஆளு எந்திரிச்சிரும். ஒருத்தராவது நாலுகால் மிருகம் வரைக்கும் உக்காந்தது கிடையாது. நான் சொன்னேன், "நீங்க பேசுத பாஷை அவங்களுக்கு வெளங்கல போல." அவிய சொன்னாவ, "உன் டீ வாயில வைக்க முடியல போல." சொல்லுவாவளா பிள்ள ஒரு புருஷன்?

எனக்கு ரோஷம் வந்துட்டு. ஊருல இருந்து கொண்டு போன ஏலக்காயத் தட்டிப் போட்டேன். இஞ்சி போட்டேன். சீனியக் கூட்டினேன். கப்ப இன்னும் முட்ட ஊத்தினேன், வழிஞ்சா வழியட்டும்னு. முந்தி கா மணி நேரம் இருந்தவுக இப்ப அதுவும் இல்ல, குடிச்ச சூடு தொண்டையில எறங்குமுன்ன வாசல்ல நிக்காவ. கிறிஸ்மஸுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு அடுக்கி வச்சிருக்கேன், ஒரு ஈ காக்கா வரல. நானும் அவியளும் எதிர் எதிரா உக்காந்து ஆளுக்கொரு முறுக்கக் கடிச்சுக்கிட்டிருந்தோம். அன்னைக்கு நான் அழுத அழுகை இருக்கே! என் மக ஜெமிமா அப்ப ஒம்பதாங்கிளாசு, நாசரேத்துல ஹாஸ்டல்ல கிடக்கா. பெத்த பிள்ளய அங்கன விட்டுட்டு இந்தப் பனிக்குள்ள யாருக்கு முறுக்குச் சுட வந்தேன்னு ஆத்திரம் வராதா?

எங்கள அனுப்புன மிஷனெரி சங்கத்துல மூணு வருஷம்னு ஒரு பேச்சு. அதுக்குள்ள ஒரு சபையா பத்து சனம் சேரலன்னா செயலாளர் வந்து பாத்துட்டு, பெட்டியக் கட்டச் சொல்லிருவாவ. எங்க வீட்டுக்காரவளுக்கு அது பயம். எனக்கு அதுதான் நம்பிக்கை. ஒரே பாயில ரெண்டு பேரும் முழங்கால் போடுவோம். ஒரு வழியத் தொறந்து விடும் ஆண்டவரேன்னு அவிய கேப்பாவ. ஊருக்குப் போற வழியத் தொறந்து விடும்னு நான் கேப்பேன். அவருக்கே தலை சுத்தியிருக்கும்.

பனி உருகிச்சு. நான் ஊருல இருந்து கொண்டு போன மல்லி விதைய வீட்டுப் பின்னால தூவினேன். அந்த ஊருல கொத்தமல்லி கண்ணுல பாக்கணும்னா பட்டணத்துக்குப் போகணும். ரெண்டு எல விட்டுச்சு. நான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன். மறுநா போனா ஒரு ஆடு நின்னு மேஞ்சுக்கிட்டிருக்கு. பக்கத்து வீட்டு ஆடு. மென்னுக்கிட்டே என்னைப் பாக்குது.

எனக்கு வந்துச்சே ஒரு வெறி! காதப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி அந்த வீட்டு வாசல்ல நின்னு கத்தினேன். "ஏட்டி, யாரு வீட்டு ஆடு இது? கட்டிப் போட வக்கில்லன்னா எதுக்கு வளக்க? கூறுகெட்ட மூதி!" எல்லாம் சுத்தத் தமிழு. அவங்க பாஷை எனக்கு எங்க தெரியும்? உள்ள இருந்து ஒருத்தி வந்தா. பேரு பூருல். ஆம்பள உயரம், தலையில துண்டு கட்டியிருக்கா. புருஷன் செத்து அப்பதான் ஒரு வருஷம், பிள்ளகுட்டியும் கிடையாது, அதெல்லாம் எனக்குப் பொறவுதான் தெரியும். என்னைய மேலயும் கீழயும் பாத்தா. திடீர்னு இடுப்புல கை வச்சுக்கிட்டுத் திருப்பிக் கத்தினா பாரு! எம்மாடி, என்னா தொண்டை! நான் ஒண்ணு சொல்ல, அவ ரெண்டு சொல்ல. ஒருத்தி சொன்னது ஒருத்திக்குப் புரியல. ஊரே வேலி ஓரமா வந்து நின்னு வேடிக்கை பாக்குது.

மறுநாளும் ஆடு வந்துட்டு. நானும் போயிக் கத்தினேன். அதுக்கு மறுநாளும். சாயங்காலம் ஆச்சுன்னா சொல்லி வச்ச மாதிரி வரும் அந்தச் சனியன். அவ எப்படிப்பட்டவ தெரியுமா? முரட்டுக் குதிரைய ஒத்தக் கையால பிடிச்சு நிறுத்துதவ. அவளுக்கு ஒரு ஆட்டுக்கயித்துல முடிச்சுப் போடத் தெரியல பாரேன்! அந்த ஊரு பாஷையில நான் மொத மொத கத்துக்கிட்டதே வசவுதான். எங்க வீட்டுக்காரவகிட்ட வந்து, "இப்படிச் சொன்னா அவ, இதுக்கு என்ன அர்த்தம்? இதுக்கு மேல ஒண்ணு சொல்லிக் குடுங்க"ன்னு கேப்பேன். "நாம மனுஷாளச் சம்பாதிக்க வந்தோமா, சண்டை போட வந்தோமா? நம்மகிட்டப் பேசுத ஒரே ஒரு பொம்பளையவும் விரட்டிராத தாயி"ன்னு கையெடுத்துக் கும்பிடுவாவ.

ஒருநா கத்திக் கத்தி எனக்கு இருமல் வந்துட்டு. பூருல் என் கையப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போயி உக்கார வச்சா. டீ ஊத்தினா. பாத்தா, கிண்ணத்துல பாதி கூட இல்ல! எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துட்டு. ஆடு என் மல்லியவே தின்னு முடிச்சிருக்கு, இவளுக்கு ஒரு கப்பு டீ ஊத்த மனசு வரலியே, என்னா பிசினாறின்னு நெனச்சேன். குடிச்சிட்டு டங்குன்னு வச்சேன். எடுத்தா, மறுபடியும் அரை. வச்சேன், மறுபடியும் அரை. மரியாத எப்படிக் குடுக்கணும்னு இவளுக்குக் காட்டுதேன்னு மறுநா எங்க வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஏலக்கா தட்டிப் போட்டு, முட்ட முட்ட ஊத்தி, ரெண்டு கையாலயும் நீட்டினேன்.

அவ மூஞ்சி செத்துப் போச்சு தாயி. கிண்ணத்தப் பாத்தா, என்னைப் பாத்தா. கண்ணுல தண்ணி நிக்குது. ஒரு மடக்கு குடிச்சா, கீழ வச்சா, எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநா ஆடு வரல. அதுக்கு மறுநாளும் வரல. தொல்லை விட்டுதுன்னு நான் சந்தோசமாத்தான் இருந்தேன். ஆனா சாயங்காலம் ஆனா வேலி ஓரமா ஒரு நடை போயிப் பாத்துட்டு வந்துருவேன், முந்தியே மறுபடி தூவியிருந்த மல்லி எப்படி வருதுன்னு பாக்கத்தான். நல்லாத்தான் வந்துச்சு. எனக்குத்தான் சோறு எறங்கல, ஊரு தண்ணி ஒத்துக்கிடல போல. மூணாம் நாளு என்னால முடியல. இவிய கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். "ஆட்டுக்கு என்ன சீக்குன்னு கேளுங்க"ன்னேன்.

பூருல் கதவுல நின்னு சொன்னா: "நீயே என்னை வெளிய போன்னு சொல்லிட்ட. இப்ப என் ஆட்டப் பத்தி உனக்கு என்ன?"

இவிய அதைத் தமிழ்ல சொல்ல, நான் எப்ப சொன்னேன்னு குதிச்சேன். பொறவுதான் வெவரம் வெளிய வருது. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, டீய கொஞ்சமாத்தான் ஊத்தணும். குடிக்கக் குடிக்கச் சூடா ஊத்திக்கிட்டே இருப்பேன், அவசரமில்ல, இருங்கன்னு அர்த்தம். முட்ட ஊத்திக் குடுத்தா, இதக் குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணுன்னு அர்த்தம்.

வெளங்குதா உனக்கு? ஒரு குளிர்காலம் பூரா, மலை எறங்கிப் பனியில நடந்து வந்த சனத்த, ஒருத்தர் பாக்கியில்லாம, என் கையாலயே கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளியிருக்கேன். அதுவும் ஏலக்கா போட்டு!

நீ சிரிக்க. எங்க வீட்டுக்காரவளும் அப்படித்தான் சிரிச்சாவ, வேலியப் பிடிச்சுக்கிட்டு. எனக்கா, பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏட்டி, இத்தன பேருல ஒருத்தருக்காவது வாயி கிடையாதா? இப்படி ஊத்தாதேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"ன்னு பூருலப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினேன். விருந்துக்குப் போன வீட்டுல அத எப்படிக் கேப்பாங்கன்னு அவ திருப்பிக் கத்துதா. கத்திக்கிட்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துட்டு. செவுத்துல சாஞ்சு, வயித்தப் பிடிச்சு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சுன்னு எதுத்த வீட்டுக்காரி பொறவு சொன்னா. அன்னைக்குச் சாயங்காலமே ஆடு வந்துட்டு.

பூருல் ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லியிருக்கா. அந்த வாரமே வாசல்ல பூட்ஸ் வைக்க எடமில்ல. அதுல இருந்து பிடிச்சுது எனக்குச் சனியன். அரை அரையா ஊத்தணும்னா என்ன அர்த்தம்? ஊத்திக்கிட்டே இருக்கணும்! உக்காந்தா எந்திரிக்க மாட்டாவ. எனக்கு இந்த முட்டி வலி வந்தது அங்கனதான். மத்தியானம் வந்தா, மாட்டப் பத்தி வீட்டுக்குக் கொண்டு வார நேரம் வரைக்கும் இருப்பாவ.

சரி, கேக்க ஆளு கெடச்சிட்டு, இவிய பிரசங்கத்தப் பொழிஞ்சு தள்ளுவாவன்னு பாத்தா, அதுவும் இல்ல. உலகம் உண்டான கதைய முடிச்சாவ. அடுத்த கதை, அதுக்கடுத்த கதை, எல்லாம் ஒரு மாசத்துல சொல்லி முடிச்சாச்சு. சனம் இன்னும் உக்காந்திருக்கு! என்ன செய்ய? பேசப் போன மனுஷன் கேக்கத் தொடங்கிட்டாவ. ஒருத்தனுக்குக் குதிரை நொண்டுது. ஒருத்தி மகன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போயி போனே பண்ணல. அதெல்லாம் கன்னத்துல கை வச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாவ. கடைசியில ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, அந்தக் குதிரைக்கும் சேத்து, ஒரு ஜெபம். முடிஞ்சதும் எல்லாரும் ரெண்டு கையாலயும் மூஞ்சியத் தடவுவாவ. இவியளும் தடவிக்கிடுவாவ!

எனக்குக் கெட்ட கோவம். "ஏங்க, பாட்டுப் புஸ்தகம் உண்டா, மணி உண்டா, காணிக்கப் பை உண்டா? குதிரைக்கு ஜெபம் பண்ணவா முதலூர்ல இருந்து பாஸ்போர்ட் எடுத்து வந்தோம்?"னு கேப்பேன். "ஞானம், பைய நடக்கட்டும்"னு சொல்லுவாவ. எல்லாத்துக்கும் அந்த ஒரே பதில்தான்.

ரெண்டாம் வருஷம் எனக்கு நிமோனியாக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். நெனவே இல்ல. முழிச்சுப் பாத்தா பூருலும் நாலு பொம்பளைகளும் என்னைச் சுத்தி உக்காந்து, எனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காவ. இவிய சொல்லிக் குடுக்கவே இல்ல, அவங்களா அவங்க பாஷையில, என் பேரச் சொல்லி. எங்க வீட்டுக்காரவ வாசப்படியில நின்னு அழுதுக்கிட்டிருக்காவ. எனக்கு வெக்கமாப் போச்சு. ஊழியக்காரன் பொண்டாட்டிக்குச் சனம் ஜெபம் பண்ணுதுன்னா கதை தலைகீழா இருக்குல்லா? செயலாளர் வந்தா இதச் சொல்லித் தொலைச்சிராதியன்னு இவியகிட்டச் சொல்லி வச்சேன்.

மூணாம் வருஷம் செயலாளர் வந்தாவ. அருமைநாயகம் ஐயான்னு பேரு. நல்ல மனுஷன், ஆனா கறார். கோட்டுக்கு மேல கோட்டு போட்டுக்கிட்டு வந்து எறங்கினாவ. வந்ததும் மொதக் கேள்வி, "சபை எங்க கூடுது?" இவிய எங்க வீட்டுக்கூடத்தக் காட்டினாவ. "ஞானஸ்நானம் எத்தன பேரு?" இவிய பொய் சொல்லத் தெரியாதவுக. "இன்னும் யாரும் கேக்கல ஐயா. கேக்கட்டும்னு காத்திருக்கேன்"னாவ. செயலாளர் மூஞ்சி தொங்கிப் போச்சு. "அப்ப கஷ்டம் தம்பி. ஊருல காணிக்க குடுக்குத சனம் கேக்கும்லா"ன்னாவ.

எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு நெனக்க? ஜெமிமாவுக்குப் பன்னெண்டாங்கிளாசு. வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு அனுப்பலாம், தலை பின்னி விடலாம். மனசுக்குள்ள பெட்டியே கட்டி முடிச்சிட்டேன்.

மத்தியானம் சனம் வந்துட்டு, எப்பவும் போல. கூடம் நெறஞ்சு போச்சு. செயலாளர் ஒரு மூலையில உக்காந்து பாத்துக்கிட்டிருக்காவ. நான் கெட்டிலத் தூக்கிட்டேன். அப்பதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு தாயி. இப்ப நான் கிண்ணத்த முட்ட ஊத்தினா போதும். எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாவ. வெறுங்கூடத்தப் பாத்துட்டு செயலாளர், சரி, நீங்க ஊருக்கு வாங்கன்னு சொல்லிருவாவ. ஒரு வார்த்த பேச வேண்டாம். யாரும் என்னைக் குத்தம் சொல்லவும் முடியாது. நம்ம ஊரு வழக்கம் மறந்து வந்துட்டுன்னு சொல்லிக்கிடலாம்.

அரைதான் ஊத்தினேன். ஏன்னா பாலு தட்டுப்பாடு. பூருல் காலையில ஒரு வாளி கொண்டாந்து வச்சிருந்தா, இல்லன்னு சொல்லல. ஆனா தயிருக்கு வேணும்லா? அதான் பாத்துப் பாத்து அரை அரையா ஊத்தினேன். வேற ஒண்ணும் இல்ல. செயலாளருக்கு மட்டும் முட்ட ஊத்திக் குடுத்தேன். நம்ம ஊரு மனுஷன், குளிருல வந்திருக்காவ, அவியளுக்கு அரைக் கப்பு குடுத்தா நல்லாவா இருக்கும்? அதுக்கு இந்தப் பொம்பளைய எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு ஏன் சிரிச்சாளுவன்னு எனக்குத் தெரியாது. செயலாளர் ரசிச்சுக் குடிச்சாவ.

ஒவ்வொருத்தரா அவங்க அவங்க பாட்டச் சொல்லி, இவிய ஜெபம் பண்ணி முடிச்சாவ. செயலாளர் பூருலப் பாத்துக் கேட்டாவ, "அம்மா, நீங்க எதுக்காக இந்த வீட்டுக்கு வாரீங்க?" இவிய அத அவ பாஷையில கேட்டாவ.

பூருல் சொன்னா: "என் புருஷன் செத்த பொறவு, இந்த ஊருல எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. நல்லவங்கதான். சீக்காளிகிட்டப் பேசுத மாதிரி பேசுனாங்க. நானும் செத்துட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒருநா இவ வந்து வாசல்ல நின்னு என்னைப் பாத்துக் கத்தினா. செத்தவகிட்ட யாரும் கத்த மாட்டாங்கல்ல? அன்னைக்குத்தான் நான் ஒரு வருஷம் கழிச்சு வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாளும் இவ வரணும்னுதான் ஆட்ட அவுத்து விட்டேன். தினமும் நாந்தான் அவுத்து விட்டேன். இவள எங்கிட்ட அனுப்பினவரு யாருன்னு தெரிஞ்சுக்கிடணும்னு இங்க வந்து உக்காந்திருக்கேன்."

இவிய அதைத் தமிழ்ல சொல்லி முடிக்கல, குரலு ஒடஞ்சு போச்சு. செயலாளர் கண்ணாடியக் கழத்தித் தொடைக்காவ. எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? "அடிப்பாவி! நீயா அவுத்து விட்ட? என் மல்லியெல்லாம் போச்சேடி!"ன்னு கெட்டிலோட எந்திரிச்சிட்டேன். அவளும் எந்திரிச்சுட்டா. செயலாளர் முன்னாலயே ரெண்டு பேரும் ஒரு பிடி பிடிச்சோம், பாதி தமிழு, பாதி அவ பாஷை. சனம் உருண்டு சிரிக்குது. எல்லார் முன்னாலயும் என்னைச் சண்டைக்காரின்னு சொல்லிட்டாளேன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் அவ மேல ஆத்திரம்தான். எத்தன நல்ல வார்த்த இருக்கு? நல்லாச் சமைப்பா, பக்தியுள்ளவன்னு சொல்லியிருக்கலாம்லா?

சாயங்காலம் சனமெல்லாம் போன பொறவு செயலாளர் என்னைக் கூப்பிட்டாவ, இவியளும் பக்கத்துல நின்னாவ. "ஞானப்பூ, சங்கத்துல நான் பேசிக்கிடுதேன், இந்த வேலைய நிறுத்த வேண்டாம். ஆனா நீ பிள்ளய விட்டுட்டு இருக்க. உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஊருக்கு வாரேன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, நான் வேற ஆள அனுப்புதேன். உம்மேல வருத்தப்பட மாட்டேன். மனசுல உள்ளதச் சொல்லு"ன்னாவ.

மூணு வருஷமா முழங்கால்ல நின்னு கேட்டது அதுதான் பிள்ள. தட்டுல வச்சு நீட்டுதாவ. வாரேன்னு சொல்லத்தான் நான் வாயத் தொறந்தேன், சத்தியமா. வெளிய வந்தது வேற. "ஐயா, பூருல் வீட்டுப் பசு சினையா இருக்கு. தலச்சன் கன்னு. அவ ஒத்தையில என்ன செய்வா? அது ஒண்ணு முடியட்டும், வந்துருதேன்"னு சொல்லிட்டேன். இவிய அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாவ. ஜெமிமாவுக்கு போனப் போட்டு அத எப்படிச் சொன்னேன், அவ என்ன சொன்னான்னு கேக்காத. ரெண்டு பேரும் அழுதோம். பொறவு அவளே, "சரிம்மா, கன்னுக்கு என்ன பேரு வைக்கப் போறிய"ன்னு கேட்டா. தங்கமான பிள்ள.

அடுத்த கோடையில ஆத்துல பனி உருகி ஓடுனப்ப, பூருல் தானா வந்து ஞானஸ்நானம் கேட்டா. அந்தத் தண்ணிக்குள்ள எறங்கினதும் குளிருல அவ போட்ட கூச்சல் அடுத்த மலை வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்குப் பொறவு ஒவ்வொருத்தரா வந்தாவ. வராதவுகளும் டீக்கு வாராவ, அவங்களுக்கும் ஊத்தத்தான் செய்யிதேன். இப்ப கூடம் பத்தாதுன்னு செவுத்த இடிச்சுக் கட்டியிருக்கு. எங்க வீட்டுக்காரவ ஊழியம் அப்படி. நான் என்னத்தச் செஞ்சேன், டீ ஊத்தினேன், சண்டை போட்டேன்.

இப்ப ஜெமிமா பேறுகாலத்துக்குத்தான் வந்தேன். பொம்பளப் பிள்ள. மூணு மாசம் இருந்து குளிப்பாட்டி விட்டுட்டுக் கெளம்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்து ஜெமிமா கேக்கா, "எம்மா, எப்பம்மா ஒரேயடியா வருவிய?" நீயும் அதத்தான கேக்க வாயெடுத்த? சொல்லுதேன் கேளு. அன்னைக்குச் சொன்ன பசு கன்னு போட்டுது. அந்தக் கன்னு வளந்து கன்னு போட்டுது. இப்ப அதோட பேத்தி நெற சினையா நிக்கி. நான் வாரதுக்குள்ள போட்டுருமோன்னு பூருல் தினமும் போன் பண்ணித் திட்டுதா. இந்த ஒரு கன்னு மட்டும் நல்லபடியாப் போட்டுரட்டும் தாயி, பொறவு நான் அங்க எதுக்கு இருக்கப் போறேன்?